சிறு துணைக்கோளும் இடைக்கோளும்

பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து பாகூர் ஏரியை நிரப்பினும், மதகு திறந்தாலன்றி வயலுக்குப் பயனில்லை. விண்ணிற் செல்லும் சிறு துணைக்கோள்களின் நிலையும் அத்தகையதே. செய்தியைத் திரட்டுதல் அவற்றிற்கு எளிது. உரிய காலத்தில் நிலத்திற் சேர்ப்பித்தலே அரிது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நமக்கு அண்மையிலுள்ள சான்று அனுசாட். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் இயற்றிய, 40 கிலோ எடையுள்ள இத்துணைக்கோள், 2009 ஏப்ரல் 20இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பட்டது. ஓரிடத்தில் பெற்ற செய்தியைத் தன்னகத்தே வைத்திருந்து, பிறிதோரிடத்தின்மேல் வருங்கால் இறக்குதலே அதற்கு வகுத்த தொழில். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் கோள், 96 நிமிடத்திற்கு ஒருமுறை புவியை வலம்வரும். ஆயினும் ஒரு வலத்தில் ஒரு நிலையத்திற்கு அது புலப்படுவது, மிகுந்தால் 12 நிமிடமே. எஞ்சிய நேரமெல்லாம் அது மதகு அடைத்த ஏரியே.

இக்குறை தீர இரு வழிகள் உள. முதலாவது, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நிலத்திலிருந்து காண்பார்க்கு அசையாது நிற்பதுபோல் தோன்றும் இடைக்கோளிடம் செய்தியை ஒப்புவித்தல். அமெரிக்கர் 1983 ஏப்ரலில் ஏற்றிய முதல் டி.டி.ஆர்.எஸ். கோள் இவ்வகையினது. அது தன் நிலையத்தை எப்பொழுதும் நோக்கி நிற்கும்; கீழே செல்லும் கோளையும் நெடுநேரம் காணும். ஆனால், சிறு கோள் தலைக்கு நேரே வருங்கால் நிலத்திற்குள்ள தொலைவினும் இத்தொலைவு 60 மடங்கிற்கு மேற்பட்டது. அலையின் வன்மை தொலைவின் வர்க்கத்திற்கேற்பத் தேய்தலின், 3,600இல் ஒரு பங்கினும் குறைவே சென்றடையும். சிறிய சூரிய மின்தகடே உடைய கோள் இதற்கு ஈடுகொடுத்தல் அரிது.

இரண்டாவது, தாழப் பறக்கும் பல கோள்களாலாகிய வலையை நாடுதல். இரிடியம் வலையின் 66 கோள்கள் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் இயங்குவன. தொலைவு குறைதலின் சிறிய ஆற்றலே போதும். அமெரிக்க மாணவர் பங்கேற்ற டெக்எட்சாட் கோள்கள் இவ்வழியைச் சோதித்தன. எனினும் அவ்வலையின் கதிர்கள் நிலத்தில் ஒன்றோடொன்று கூடுமாறு அமைந்தவை. உயரத்தில் அவை குறுகி, இடையிடையே வெற்றிடம் விடும். இரு கோள்களும் விரைந்து செல்லுதலின், டாப்ளர் விளைவால் அலைவெண்ணும் பெயரும். ஆதலால் சிறு சிறு செய்திகளே விட்டுவிட்டுச் செல்லும்.

எனவே, படம் போன்ற பெருஞ்செய்திக்கு நிலத்து நிலையமும், கட்டளைக்கும் குறுஞ்செய்திக்கும் அண்மை வலையும் ஏற்றவை எனலாம். குறுஞ்செய்தி தானே என்று இகழற்க. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தது. அத்தகைய நாளில், 'இவ்விடத்தை நோக்குக' என்னும் ஒரு கட்டளை ஒரு மணி முன்னதாகக் கோளை அடைதல், கடலோரத்தார்க்குப் பெரும்பயனாம்.