படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் ஜெல் மருந்து எப்படி உருவாகிறது?



மழைக்காலத்தில் இடுப்பில் கட்டும் படங்கும் ஈரம், லயத்தில் காயப்போட்ட துணியும் ஈரம். தொடை இடுக்கில் படர்தாமரை வர இது போதும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வெல்லாவெளிப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு இதே தொல்லை காலில் வருகிறது. சேற்றில் நின்று நின்று விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, வெடித்துப் போகும். அங்கே நம் வாசகர்கள் சிலருக்குச் சொந்தபந்தமும் உண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

படர்தாமரைக்குக் காரணம் பங்கசு எனும் பூஞ்சணம். தோலின் மேல்படையில் உள்ள கெரட்டினைத் தின்று அது வாழ்கிறது. சேற்றுப்புண்ணில் பங்கசோடு வேறு கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்.

வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. சீமையகத்தி என்பதும் அதுதான். அது வெறும் பேச்சு அல்ல. பங்கசை அடக்கும் பொருள் அந்த இலையில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் அரசின் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. அங்கே இதன் பெயர் அக்காபுல்கோ.

அப்படியென்றால் அரைத்துப் பூசினால் போதாதா? போதாது. ஒரு செடியின் இலையில் இருக்கும் மருந்தின் அளவு இன்னொன்றில் இராது. வெடித்த தோலில் பச்சையிலையோடு மண்ணும் கிருமியும் போகும். வேலைக்குப் போனால் அரைமணியில் உதிர்ந்தும் விடும்.

ஆய்வுகூடத்தில் முதலில் இலைச்சாற்றை வடித்தெடுத்து, தட்டில் வளர்த்த பங்கசின் நடுவே வைக்கிறார்கள். சுற்றிலும் பங்கசு வளராத வெறும் வட்டம் எவ்வளவு அகலம் என்று அளக்கிறார்கள். பிறகுதான் ஜெல். கார்போபோல் என்ற வெள்ளைத் தூளைத் தண்ணீரில் தூவி ஊறவிட்டால் புளிப்புத்தன்மையுள்ள, தளர்ந்த கரைசல் கிடைக்கும். அதில் காரப்பொருள் ஒன்றைத் துளித்துளியாக விட, கண்முன்னே கண்ணாடி போலக் கெட்டியாகிவிடும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் சிக்கலும் இங்கேதான். குளோட்ரிமசோல் போன்ற பங்கசு மருந்துகள் தண்ணீரில் கரையா. அவற்றை முன்கூட்டியே வேறு திரவத்தில் கரைத்துச் சேர்க்க வேண்டும். அதன் பின் இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்துப் பரவுகிறதா என்று பார்ப்பார்கள். புளிப்பு அளவு தோலுக்கு ஒத்து வருகிறதா, மருந்து ஜெல்லை விட்டு வெளியே வருகிறதா என்று சோதிப்பார்கள். 40 பாகை வெப்பத்தில் 6 மாதம் வைத்தும் பார்ப்பார்கள். மருந்து வெளியே வராத ஜெல், எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண்.

ஏன் ஜெல் என்றால், எண்ணெய்க் களிம்பு ஈரத்தை உள்ளே மூடி வைத்துவிடும். ஜெல் காய்ந்துவிடும், பிசுபிசுக்காது. ஊறிப்போகும் இடுக்குகளுக்கு அது தோது. ஆனால் வெடித்த புண்ணில் சில ஜெல் எரியும். அங்கே கிறீம் மேல்.

நாங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. பார்மசியில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்கும் கலப்புக் கிறீம்களில் குளோபெட்டசோல், பெட்டாமெதசோன் போன்ற ஸ்டெரொயிட் இருப்பதுண்டு. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். அடியில் பங்கசு பரவிக்கொண்டே இருக்கும். தோல் மெலிந்து கோடு விழும். இந்தியாவில் இந்தக் கலப்புக் கிறீம்களால் படர்தாமரை அடங்காத நோயாகிவிட்டது என்று தோல் வைத்தியர்கள் சொல்லி வருகிறார்கள். வழக்கமான மருந்துக்குப் பல நேரம் மசியாத பங்கசு வகை ஒன்றுக்கு 2020இல் தனிப் பெயரே வைத்தார்கள். ஆகவே டியூபில் உள்ள பெயரை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள், இல்லை தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

குளோட்ரிமசோல் என்றால் கழுவி, நன்றாகத் துடைத்து, தடிப்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம்வரை பூசுங்கள். தடிப்பு மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாதீர்கள். ஒரே துவாயை வீட்டில் எல்லாரும் பாவிக்க வேண்டாம். தலையிலும் நகத்திலும் வந்தால் ஜெல் வேர்வரை போகாது, மாத்திரை வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கால்விரல் இடுக்கு வெடித்தால் எதையும் பூசிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.