கம்பம் பன்னீர் திராட்சை: ஊர்ப் பெயரும் சரக்கின் மதிப்பும்



பிரான்ஸ் நாட்டில் பர்கண்டி என்ற பகுதியில் ரொமானே-கான்டி என்று ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பரப்பளவு சுமார் நாலரை ஏக்கர்தான். அந்த ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்யும் சிவப்பு ஒயின், தோட்டத்தின் பெயராலேயே உலகம் முழுவதும் மிக உயர்ந்த விலைக்குப் போகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பழத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட அங்கே சட்டம் விடாது.

ஒயின் நம் கடைச் சரக்கு அல்ல. ஆனால் ஊர்ப் பெயருக்கு விலை உண்டு என்ற பாடம் நமக்கும் பொருந்தும். நம் மாவட்டத்து ஆரணிப் பட்டே அதற்குச் சாட்சி. திராட்சையில் அத்தகைய பெயர் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீருக்கு உண்டு. 2023-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழத்தின் பூர்வீகம்

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மணத்துக்குப் பேர் போன மஸ்கட் இனத்தின் வழி வந்தது. மேல்நாட்டில் இதை நேரே தின்னவும் பயன்படுத்துகிறார்கள், சிவப்பு ஒயினும் செய்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்ததாகக் கூறப்படுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி முதலிய ஊர்களில் இது மிகுதி. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் இப்பள்ளத்தாக்கை வளப்படுத்துகிறது.

மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வரும். கம்பத்திலோ கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. ஒருவர் தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது இன்னொருவர் தோட்டத்தில் பழம் பறிப்பார்கள். ஆகவே ஆண்டு முழுவதும் சரக்கு கிடைக்கிறது. மாதந்தோறும் பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி வியாபாரம் செய்யும் நமக்கு இது பெரிய வசதி.

இனம் காண்பது எப்படி?

பன்னீரோடு அதிகம் குழப்பப்படுவது பெங்களூர் நீலத் திராட்சை. இரண்டும் கருநிறம், இரண்டிலும் விதை உண்டு. பெங்களூர் நீலத்தின் தோல் தடிப்பானது. விரலால் அழுத்தினால் சதை உருண்டையாகத் தோலை விட்டு வழுக்கி வெளியே வரும். பன்னீரின் தோல் மெல்லியது, சதையோடு ஒட்டியிருக்கும், மஸ்கட் மணம் தனியே தெரியும். பெங்களூர் நீலமும் நல்ல பழம்தான். அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. அதை அதன் பெயரிலேயே விற்க வேண்டும்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

1. திராட்சை பறித்த பின் பழுக்காது. புளிப்பாக வந்தது புளிப்பாகவே இருக்கும். ஒன்றைத் தின்று பார்த்து வாங்குக.

2. காம்பு பச்சையாக இருந்தால் புதுச் சரக்கு. பழுப்பேறி உலர்ந்திருந்தால் நாள்பட்டது.

3. பழத்தின் மேல் படிந்த வெண்சாம்பல் இயற்கையான மெழுகு. அதைத் துடைக்காதீர்கள். விற்பதற்கு முன் கழுவவும் வேண்டாம். ஈரம் பட்டால் அழுகல் விரைவில் பரவும்.

4. வெடித்த பழத்தை அன்றன்றே கிள்ளி எடுத்துவிட வேண்டும். ஒன்று கெட்டால் குலையே கெடும்.

5. பெட்டி மேல் பெட்டியாக அழுந்த அடுக்கக் கூடாது. மெல்லிய தோல் தாங்காது. இரண்டு நாளில் விற்கும் அளவே எடுப்பது நல்லது.

சட்டம் சொல்வது

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொய்யாக ஊர்ப் பெயரைச் சூட்டுபவருக்கு மட்டுமல்ல, அப்படிச் சூட்டிய சரக்கை விற்பவருக்கும் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையோடு வாங்கினோம், இன்னாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடிந்தவருக்கே சட்டத்தில் பாதுகாப்பு. ஆகவே மண்டியில் சரக்கு எடுக்கும்போது ஊரும் ரகமும் குறித்த பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கிரிவலம் வந்து பழம் வாங்கிப் போகும் வெளியூர்க்காரர் திரும்ப வந்து சண்டை போட மாட்டார். அதனால் எதையும் எந்தப் பெயரிலும் விற்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சண்டைக்கு வராதவர் அடுத்த பௌர்ணமிக்கு நம் கடைக்கும் வர மாட்டார். கம்பத்து விவசாயி பாடுபட்டுச் சம்பாதித்த பெயரைக் காப்பதில் அவருடைய பிழைப்பும் இருக்கிறது, நம் பிழைப்பும் இருக்கிறது. கம்பம் பழம் என்று பலகை எழுதினால், பெட்டியில் இருப்பதும் கம்பம் பழமாகவே இருக்கட்டும்.