சப்பை கொட்டினால் முதலில் வானத்தைப் பாருங்கள்

வேளாண்மைப் பட்டமோ பட்டயமோ முடித்துவிட்டுப் பருத்தி வட்டாரத்தில் களப்பணிக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? ஐப்பசி பிறந்ததும் உங்கள் போனுக்கு வரப்போகும் கேள்வி இதுதான்: “சார், சப்பை பூரா கொட்டிக் கெடக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?” பெரம்பலூர், அரியலூர், விருதுநகர் என்று எங்கே வேலை கிடைத்தாலும் இந்தக் கேள்வி மாறாது. ஏதாவது ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால் அன்றைக்குத் தப்பித்துவிடலாம். அதற்கு முன் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: “போன வாரம் எத்தனை நாள் நல்லா வெயில் அடிச்சுது?”

பல இளம் அலுவலர்கள் இதைக் கேட்பதில்லை. பூச்சியும் நோயும் பாடத்தில் படங்களோடு இருந்தன. மந்தாரத்துக்குப் படம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் பருத்திக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்த பயிர் சப்பையும் பூவும் பிஞ்சுமாக நிற்பது அக்டோபர், நவம்பரில். வடகிழக்குப் பருவமழையின் மேகம் கூடி நிற்பதும் அதே மாதங்களில்தான். தை, மாசியில் விதைக்கிற காவிரிப் படுகையின் நெல் தரிசுப் பருத்திக்கு இந்தத் தொல்லை குறைவு. அது பூக்கிறபோது கோடை வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

வெயில் குறைந்தால் செடிக்குள் என்ன நடக்கிறது என்பதை விவசாயிக்கு இரண்டே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இலை தயாரிக்கும் சர்க்கரை குறைகிறது. இருக்கிற சர்க்கரை எல்லாப் பிஞ்சுக்கும் பத்தாது என்பதால் செடி சிலவற்றைக் கைவிடுகிறது. உங்களுக்காக இன்னும் கொஞ்சம்: சர்க்கரை குறையும்போது சப்பையிலும் பிஞ்சிலும் எத்திலீன் கூடுகிறது, காம்பின் அடியில் பிரியும் அடுக்கு உருவாகிறது, காற்றடித்தால் போதும், விழுந்துவிடும். சீ ஐலண்ட் பருத்தியை ஆராய்ந்த டி. ஜி. மேசன் 1922இலேயே உதிர்வை உணவுப் பற்றாக்குறையோடு சேர்த்து எழுதிவிட்டார். ஆகவே இது புதுச் சங்கதி அல்ல, நாம் மறந்துபோன சங்கதி.

எல்லாச் சப்பையும் ஒரே மாதிரி உதிர்வதில்லை. குண்டூசித் தலை அளவுள்ள சின்னச் சப்பையும், பூத்து ஒரு வாரத்துக்குள் இருக்கும் பிஞ்சும்தான் முதலில் போகும். நாளைக்குப் பூக்கப்போகும் பெரிய சப்பை அநேகமாக நின்றுவிடும். பூத்து இரண்டு வாரம் தாண்டிய காய் சுலபத்தில் உதிராது. ஆனால் எடை குறையும். இன்னொன்று: நல்ல வெயில் காலத்திலும் பருத்தி தான் வைத்த சப்பை, பிஞ்சில் பாதிக்கு மேல் உதிர்த்துவிடும் பயிர். “ஒண்ணும் விழக்கூடாது” என்று வாக்குக் கொடுக்கிற விற்பனையாளரை இந்த ஒரு விவரத்தை வைத்தே எடை போடலாம்.

இனி வயலுக்குப் போவோம். வரப்பில் நின்று செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாலுக்குள் குனிந்து, விழுந்து கிடக்கும் சப்பைகளை ஒரு கைப்பிடி பொறுக்குங்கள். புல்லி இதழ்கள் விரிந்து, ஓட்டையும் எச்சமுமாக இருந்தால் காய்ப்புழு வேலை. நகத்தால் கீறிப் பார்த்து உள்ளே மகரந்தப் பைகள் கறுத்திருந்தால் சாறு உறிஞ்சும் நாவாய்ப் பூச்சியைச் சந்தேகப்படுங்கள். ஓட்டை இல்லை, கறுப்பு இல்லை, வெளிறி மஞ்சளாகிச் சுத்தமாகக் காம்போடு கழன்றிருக்கிறது என்றால் செடி தானாக உதிர்த்தது. அதற்கும் காரணம் மந்தாரம் மட்டுமே என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. சாலில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும், வறட்சியாலும் இதே மாதிரிதான் விழும். மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூத்த அன்று காலையில் மழை பெய்து பூவுக்குள் தண்ணீர் இறங்கினால் மகரந்தம் வெடித்து வீணாகி, சில நாள் கழித்துப் பிஞ்சு விழுவதும் உண்டு.

புதியவர்களைக் குழப்புவது காலக்கணக்கு. மூட்டம் போட்ட அன்றே சப்பை விழாது. சில நாள் கழித்துத்தான் கொட்டும். அதற்குள் வானம் வெளுத்திருக்கும். நீங்கள் போய் நிற்கும்போது சுள்ளென்று வெயில் அடிக்கும், கீழே சப்பை கிடக்கும், பூச்சி ஒன்றும் கண்ணில் படாது. அப்போது விவசாயி மருந்து அடித்தால் அடுத்த வாரம் உதிர்வு நின்றிருக்கும். நின்றது வெயிலால், பெயர் வாங்கியது மருந்து. கடைக்காரரின் அனுபவ ஞானத்தில் கணிசமான பகுதி இப்படி வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் உங்கள் டைரியில் விதைப்புத் தேதிக்குப் பக்கத்தில் மந்தார நாட்களையும் குறியுங்கள். கருவி வேண்டும் என்றில்லை. இருந்தால் நல்லது: தெளிந்த உச்சி வெயிலில் லக்ஸ் மீட்டர் ஒரு லட்சம் லக்ஸை ஒட்டிக் காட்டும், கனத்த மூட்டத்தில் பத்து, இருபதாயிரத்துக்கு இறங்கிவிடும். போனில் உள்ள ஆப் துல்லியமாக இராது. இரண்டு இடங்களை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம். வானிலை அறிக்கையில் மேகமூட்டத்தை ஆக்டா என்ற அளவில் தருவார்கள். 0 என்றால் தெளிந்த வானம், 8 என்றால் முழு மூட்டம். தொடர்ந்து மூன்று நான்கு நாள் 7, 8 என்று வந்தால், அடுத்த வாரம் உங்கள் போன் அடிக்கப்போகிறது என்று அர்த்தம். நீங்களே முந்திக்கொண்டு விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள். வந்த பிறகு விளக்கம் சொல்பவரைவிட, வருவதற்கு முன் சொன்னவரைத்தான் ஊர் நம்பும்.

சரி, என்ன பரிந்துரைப்பது? முதலில் செய்யக்கூடாதது. செடி வெளிறியிருக்கிறது என்று மூட்டத்தில் யூரியா போடச் சொல்லாதீர்கள். வெயில் இல்லாதபோது தழைச்சத்தைக் கொடுத்தால் செடி கொழுத்து நீளும், மேல் இலைகள் கீழ் இலைகளை மூடும், உதிர்வு கூடும். தேங்கிய நீரை வடித்துவிடச் சொல்லுங்கள். செலவில்லாத, உடனே பலன் தரும் யோசனை அதுதான். உதிர்வைக் குறைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, விதைத்த 60ஆம் நாளும் 90ஆம் நாளும் 40 பிபிஎம் என்.ஏ.ஏ. தெளிப்பது. இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். 40 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 40 மில்லிகிராம். கடையில் கிடைப்பது 4.5 சதவீதக் கரைசலாக இருந்தால் 10 லிட்டர் டேங்குக்குச் சுமார் 9 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றினால், காப்பாற்ற அடித்த வளர்ச்சி ஊக்கியே அளவு மீறிச் செடியைக் கெடுக்கும். லேபிளை விவசாயிக்கு முன்னால் படித்துக் காட்டுவது கௌரவக் குறைச்சல் அல்ல. அதே பல்கலைக்கழகத்தின் காட்டன் பிளஸ் என்ற தெளிப்புச் சத்துக் கலவை பூக்கும் பருவத்துக்கும் காய் பிடிக்கும் பருவத்துக்கும் உரியது. ஏக்கருக்கு இரண்டரை கிலோ.

இவை எதுவும் சூரியனுக்கு மாற்று அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறுதலாக ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: பருத்தி ஒரே மூச்சில் பூத்து முடிகிற பயிர் அல்ல. ஆரம்பச் சப்பைகள் போனால், நாள் மிச்சமிருந்தால், மேல் கணுக்களில் ஈடுகட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1990களில் நிழல்வலை போட்டு, வளர்ச்சியின் வெவ்வேறு கட்டங்களில் 8 நாள் மட்டும் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். சப்பை தலைகாட்டும்போது விழுந்த நிழலைப் பயிர் பெரும்பாலும் சமாளித்தது. பூவும் காயுமாக நின்றபோது விழுந்த நிழல் மகசூலைக் கடித்தது. ஆகவே 50 நாள் பயிருக்கும் 90 நாள் பயிருக்கும் ஒரே பதில் சொல்லாதீர்கள். முன்னதற்குப் பொறுமை, பின்னதற்குக் கவனம்.

வானத்தை நாம் மாற்ற முடியாது, செடி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் நிழலை மாற்றலாம். ஒரு காய்க்குச் சாப்பாடு பெரும்பாலும் அதன் பக்கத்து இலையிலிருந்து வருகிறது. வரிசைகள் முட்டிக்கொண்டு இடுப்புக்கு மேல் அடர்ந்துவிட்டால் கீழ்க் காயின் இலைக்கு நண்பகலிலும் அந்திதான். 75, 80 நாளில் ரகங்களுக்கு 15ஆம் கணுவுக்கு மேலும், 85, 90 நாளில் வீரிய ஒட்டுகளுக்கு 20ஆம் கணுவுக்கு மேலும் நுனி கிள்ளுவது இதற்குத்தான். அடர்நடவுக்கு ஆசைப்படுகிறவரிடம், பக்கக் கிளை அதிகம் விடாத கட்டான செடி வேண்டும் என்பதை விதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நிழலின் விளைவைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. வரப்போர வேப்பமரத்தடியில் உள்ள பத்துச் செடியையும் நடுவயலில் பத்துச் செடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடிச் செடியில் கணுவிடை நீண்டிருக்கும், இலை அகன்று மெலிந்திருக்கும், முதல் காய்க்கிளை மேலே ஏறியிருக்கும், காய் எண்ணிக்கை குறைந்திருக்கும். எண்ணி எழுதுங்கள், வயல்நாள் கூட்டத்தில் பத்து ஸ்லைடு காட்டுவதைவிட இந்த ஒரு நடை போதும். விதை நிறுவனத்தின் சோதனைத் திடலைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இது உயிர் போகிற விஷயம். மரநிழல் விழும் ஓரத்தில் ஒரு ரகத்தையும் வெட்டவெளியில் இன்னொன்றையும் விதைத்துவிட்டு, எது உசத்தி என்று அறிக்கை எழுதினால் நீங்கள் அளந்தது மரத்தைத்தான், ரகத்தை அல்ல. நிழல் தவிர்க்க முடியாத இடமென்றால், ஒரு தொகுதியின் எல்லா ரகங்களுக்கும் அந்த நிழல் ஒரே அளவில் விழும்படி தொகுதிகளைப் போடுங்கள்.

நூற்பாலையில் பஞ்சு தேர்வு செய்யும் வேலைக்குப் போகிறவர்களும் இதைப் படித்து வைப்பது நல்லது. பூத்த முதல் மூன்று வாரத்தில் இழை நீளுகிறது; அதன் பிறகுதான் சுவர் தடிக்கிறது. அந்தத் தடிக்கும் வாரங்களில் வெளிச்சம் குறைந்தால் செல்லுலோஸ் படிவது குறைந்து இழை முதிராமல் நிற்கும், இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேர் அளவு இறங்கும். 3.5க்குக் கீழே போன பஞ்சு நூலில் முடிச்சுப் புள்ளிகளாகவும், சாயத்தில் திட்டுத் திட்டாகவும் காட்டிக்கொடுக்கும். அதனால் லாட் வாங்கும்போது ரகத்தை மட்டும் கேட்காமல், எந்த மாதம் எடுத்த பருத்தி என்று கேளுங்கள். நேர்காணலில் மைக்ரோனேரைப் பற்றிக் கேட்டால், வரையறையோடு நிறுத்தாமல் மந்தாரத்தையும் இழுத்துப் பேசுங்கள்.

மேலே சொன்ன மேகமூட்டக் கணக்குக்கு உதவும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு முறை வருகிறது. மேகதூத் ஆப்பில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் படிக்கலாம். பணியில் சேரும் அன்றே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.