மழை விட்டதும் யாரைக் கூப்பிடுவது: மேஸ்திரியா, காண்ட்ராக்டரா, கம்பெனியா?

பெங்களூரில் கடல் இல்லை, புயல் கரையேறும் ஊரும் இல்லை. ஆனால் கோடை இடிமழை அரை மணி நேரத்தில் செய்துவிட்டுப் போகும் வேலை லேசானதல்ல. 2024 ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111.1 மி.மீ. கொட்டியது. ஜூன் மாதத்து ஒருநாள் மழையில் 1891இலிருந்து நின்றிருந்த சாதனை அன்று முறிந்தது. மரங்கள் நூற்றுக்கணக்கில் சாய்ந்தன. இப்படி ஒரு மழைக்கு மறுநாள் காலையில் ஊருக்கே ஒரே நேரத்தில் மேஸ்திரி தேவைப்படுகிறார். கூலி ஏறுவதும், நேற்றுவரை பெயின்ட் அடித்தவர் இன்று ‘வாட்டர் ப்ரூஃபிங் ஸ்பெஷலிஸ்ட்’ ஆவதும் அந்த வாரத்தில்தான்.

அதனால் அந்த வாரத்தில் பெரிய வேலை எதையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை அடைத்திருக்கும் சருகை எடுங்கள். பறந்த ஷீட்டுக்குப் பதில் தார்ப்பாய் கட்டுங்கள். எதையும் அப்புறப்படுத்தும் முன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மரம் விழுந்திருந்தால் மாநகராட்சியின் 1533, கம்பி அறுந்திருந்தால் பெஸ்காமின் 1912. அடித்தளத்தில் தண்ணீர் நின்றால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வேண்டும். 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட் பக்கம் ஓர் அடுக்ககத்தில் புகுந்த மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கப் போய், மின்சாரம் தாக்கி இருவர் இறந்தார்கள். ஒருவன் பன்னிரண்டு வயதுப் பையன்.

அடுத்த கேள்வி, செலவு உங்களுடையதுதானா என்பது. ஃபிளாட்டைக் கையில் வாங்கி ஐந்து வருடம் ஆகவில்லை என்றால், ஒழுகலுக்குப் பல நேரம் மழை காரணமே அல்ல, கட்டியவர் செய்த வேலைதான் காரணம். கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு. மேல்மாடி ஃபிளாட்காரர் மொட்டை மாடியைத் தன் பணத்தில் பூசுவதும் இந்த ஊரில் சகஜம். மாடி பொதுச் சொத்தாக இருந்தால் அது சங்கத்தின் செலவு.

வீட்டுக் காப்பீடு இருந்தால் வேலை தொடங்கும் முன்பே தகவல் கொடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம். இடிபாடு அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரையும், இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தருகிறது. பலர் இந்த இரண்டையும் கேட்பதே இல்லை. ஆனால் வருடக்கணக்காக ஊறிய சுவருக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது.

இனி ஆள் தேடலாம்.

உடைந்த கைப்பிடிச்சுவர், பெயர்ந்த பூச்சு, பத்து மங்களூர் ஓடு மாதிரியான வேலைக்கு நாள்கூலி மேஸ்திரி போதும். கொத்தனார் கூலி இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது, சித்தாளுக்கு அதைவிடக் குறைவு. இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலைக்குக் காண்ட்ராக்ட் பேசுவது வீண். அதைத் தாண்டினால் நாள்கூலி உங்களுக்குப் பகை. வேலை நீள நீள அவருக்கு லாபம்.

நடுத்தர வேலைக்கு லேபர் காண்ட்ராக்ட். சிமென்ட், எம்-சாண்ட், கெமிக்கல் எல்லாம் நீங்கள் வாங்கித் தருகிறீர்கள், அவர் சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறார். பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். பில்லும் உங்கள் பேரில் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் நேரே உங்களுக்கு வந்து சேரும். ஆனால் பகலில் வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது நடக்காது. மதியம் ஒரு மூட்டை சிமென்ட் தீர்ந்துவிட்டால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

அப்படி இருவரும் வேலைக்குப் போகிறவர்களுக்கு மெட்டீரியலோடு காண்ட்ராக்ட்தான் வழி. இங்கேதான் ஏமாற்றம் அதிகம். மாடிக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டால் ஒருவர் சதுர அடிக்கு முப்பது ரூபாய் சொல்வார், இன்னொருவர் நூறைத் தாண்டுவார். முப்பது சொன்னவர் மலிவு என்று நினைக்காதீர்கள், அவர் சொல்வது வேறு வேலை. பழைய பூச்சின் மேலேயே இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். நூறு சொன்னவர் ஒருவேளை பழையதைச் சுரண்டி, விரிசலை ‘வி’ வடிவில் வெட்டி, பாலிமர் கலவை திணித்து, தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையை உருட்டிப் பூசி, வலை வைத்து, பிறகு கோட்டிங் அடிக்கலாம். அடிக்காமலும் போகலாம். கொட்டேஷனில் இருப்பதோ ‘டெரஸ் வாட்டர் ப்ரூஃபிங்’ என்று ஒரே வரி.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, வேலையை விற்காத ஒரு சிவில் இன்ஜினியரை முதலில் அழைப்பது. அவருக்கு ஒரு கட்டணம் கொடுத்து, எங்கே விரிசல், எத்தனை அடி, எதை வெட்டுவது, எந்தப் பொருள், எத்தனை கோட் என்று எழுதி வாங்குங்கள். அதே தாளை மூன்று காண்ட்ராக்டர்களிடம் கொடுங்கள். அப்போது வருகிற மூன்று தொகைகளைத்தான் ஒப்பிட முடியும். தூணிலோ பீமிலோ விரிசல் தெரிந்தாலும், கம்பி துருப்பிடித்து வெளியே வந்திருந்தாலும் இந்தச் செலவைத் தவிர்க்கவே கூடாது.

ஆப் வழியே வருகிற கம்பெனிகளும் பெயின்ட் கம்பெனிகளின் சேவைப் பிரிவுகளும் நாலாவது வகை. ஈரம் அளக்கும் கருவியோடு வருவார்கள், நேரத்துக்கு வருவார்கள், வாரன்டி அட்டை தருவார்கள். விலையும் கூடுதல். வேலை செய்யும் ஆள் பெரும்பாலும் அதே சப்-காண்ட்ராக்டர்தான். வாரன்டி எதற்கு என்று படித்துப் பாருங்கள். கோட்டிங் உரிந்தால் திரும்ப அடிப்பதாகச் சொல்வதும், தளம் விரிசல் விட்டு ஒழுகினால் பொறுப்பேற்பதும் ஒன்றல்ல. பல அட்டைகளில் முதலாவது மட்டும்தான் இருக்கும். சாதாரண முப்பதுக்கு நாற்பது சைட் வீட்டு மாடிக்கு, இன்ஜினியர் தாளோடு வருகிற லோக்கல் காண்ட்ராக்டரே மேல் என்பது என் கட்சி.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய வேலைக்கு வரி 18 சதவீதம், ஒரு லட்சம் பில்லுக்குப் பதினெட்டாயிரம். பதிவு எண் இல்லாதவர் வரி என்று எதையும் வசூலிக்க முடியாது. எண்ணைக் கேளுங்கள், இணையதளத்தில் சரிபாருங்கள்.

அட்வான்ஸ் கால்வாசிக்கு மேல் வேண்டாம். பொருள் இறங்கியதும் கொஞ்சம், பழைய பூச்சு சுரண்டி விரிசல் அடைத்ததை நேரில் பார்த்ததும் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுங்கள். கோட்டிங் காய்ந்த பிறகு மாடிக் குழாய்களை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். இரண்டு நாள் விட்டுக் கீழே அறையின் கூரையைப் பாருங்கள். கடைசிப் பத்து சதவீதம் அதற்குப் பிறகுதான். நல்ல காண்ட்ராக்டர் இதற்கு முறைக்க மாட்டார். முறைப்பவரை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், பேச்சின்போதே இதைச் சொல்லிவிட்டால்.

காலமும் முக்கியம். தளம் நன்றாகக் காயாமல் அடிக்கிற கோட்டிங் கொப்பளித்து உரியும். பெங்களூரில் ஏப்ரலில் தொடங்குகிற மழை, செப்டம்பர், அக்டோபரில் உச்சம் தொட்டுத்தான் அடங்குகிறது. ஆகவே ஒழுகலுக்கு இப்போது தார்ப்பாய், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முழு வேலை. அந்த மாதங்களில் மேஸ்திரியும் பேரத்துக்கு வருவார்.

எல்லாம் செய்தும் தகராறு வந்தால், வீடு கட்டும் வேலை நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். அங்கே கேட்கப்போவது கையெழுத்திட்ட கொட்டேஷனும் பணம் போன வங்கிக் கணக்கு விவரமும். கையில் ரொக்கமாக எண்ணிக் கொடுக்காதீர்கள்.