ஆச்சியின் வயசும் 48 கம்பிகளும்

சங்கரன்கோவில்

அன்புள்ள தம்பிக்கு,

தேரடியில் வைத்து நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "சார், ரஜினிக்கு 73 வயசுல ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஸ்டென்ட் வச்சாங்கள்லா? எங்க ஆச்சிக்கு 76தானே, மூளையில இருக்க வீக்கத்துக்கு வச்சா என்ன?"

அந்தச் செய்தி வந்த 2024 அக்டோபரிலிருந்து இந்த ஊரில் எல்லாருமே ஸ்டென்ட் நிபுணர்கள். ரஜினிகாந்துக்கு வீங்கியிருந்தது இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, பெருவிரல் தடிமன். அந்த மாதிரி இடத்தில் துணி போர்த்திய குழாயையே வைத்து வீக்கத்தை மறைத்துவிடலாம். மூளைத் தமனியோ மூன்று, நான்கு மில்லிமீட்டர். அதில் துணி போர்த்தினால் பக்கத்தில் பிரிகிற முடி போன்ற கிளைகளும் அடைபடும். கை கால் விழுந்துவிடும். அதனால் அங்கே வெறும் வலைதான்.

உன் வீட்டில் தறி ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'பைப்லைன்' என்ற வலையில் 48 கம்பிகள், கோபால்ட்-குரோமியமும் பிளாட்டினமும். இதை 'நெய்த குழாய்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவு எது, ஊடை எது? எல்லாக் கம்பியும் சாய்வாக ஓடி ஒன்றையொன்று தாண்டுகிறது. இது பின்னல்! பின்னல் என்பதால்தான் தமனியின் வளைவோடு சேர்ந்து நெளிகிறது. பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உலோகம். கிளைகள் ரத்தத்தை இழுத்துக்கொள்கின்றன. வீக்கத்துக்குள் போன ரத்தத்துக்கோ போக்கிடம் இல்லை, தேங்கி உறைகிறது. பிறகு மாதக்கணக்கில் வலைமேல் தமனியின் உட்சுவர் படர்கிறது.

அந்த மாதங்களில்தான் ஆச்சியின் வயசு கணக்குக்கு வருகிறது. வலையில் ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து விழுங்க வேண்டும். குடல்புண் இருந்தால்? குளியலறையில் வழுக்கி மண்டையில் அடிபட்டால்? போதாததற்கு, வயதானவர்களின் கழுத்துத் தமனி சுண்ணாம்பு படிந்து வளைந்து கிடக்கும். வலையைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் ஏறுவதே பாடு. எக்ஸ்ரே படத்துக்காக ஏற்றும் மருந்தைச் சிறுநீரகம் தாங்க வேண்டும்.

இன்னொன்றையும் கேள். அந்த வலைக்கு அனுமதி வாங்கித் தந்த ஆய்வில் 108 பேர். 75 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த வெற்றிக் கணக்கை ஆச்சிக்கு அப்படியே பொருத்தாதே. அதற்காக 'கிழவிக்கு எதுக்கு' என்று பேசுகிறவர்களோடும் சேராதே.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதும் கணக்குத்தான். 2003இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்பு மூளையில் வீக்கம் வெடித்து ரத்தம் கசியாதவர்களுக்கு முன்பகுதித் தமனிகளில் இருந்த, 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த வீக்கங்களில் ஐந்து ஆண்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பெரிய வீக்கம், பின்பகுதி வீக்கம் என்றால் கதை வேறு. ஆகவே டாக்டரிடம் "76 வயசு தாங்குமா" என்று கேட்காதே. எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தமனி, இரண்டு மாத்திரையும் ஒத்துக்கொள்ளுமா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேள். எந்த முடிவானாலும் பிரஷர் மாத்திரை தவறக் கூடாது.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஸ்டென்ட் என்ற பெயர், 19ஆம் நூற்றாண்டில் பல் அச்செடுக்கும் பசையைச் சீராக்கிய லண்டன் பல் மருத்துவர் சார்ல்ஸ் ஸ்டென்டிடமிருந்து வந்ததாம். அதைப் படித்த அன்று சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இதய ஸ்டென்ட் வைத்த இரண்டாம் மாதம், பல் பிடுங்குவதற்காக யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினார். ஸ்டென்டில் ரத்தம் கட்டி மாரடைப்பு வந்துவிட்டது. ஆச்சிக்கு வலை வைத்தால், பல் வலி வந்தாலும் முதலில் எனக்குப் போன் போடு. நான் திட்டிவிட்டு டாக்டரிடம் அனுப்புகிறேன்.

உன் பழைய வாத்தியார்