இயந்திரக் கட்டுப்பாட்டுக்குக் கணிப்பொறி: தாமதச் சோதனையின் இன்றியமையாமை

சிறு தொழிற்கூடங்களில் மில்லிங் இயந்திரத்தின் இரும்புடல் பல பத்தாண்டுகள் உழைக்கிறது. அதனுடன் வந்த மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ நெடுநாள் முன்பே பழுதாகி, உதிரிப்பாகம் கிடைக்காமற் போகிறது. இத்தகைய இயந்திரத்துக்குச் சாதாரண மேசைக் கணிப்பொறியைக் கொண்டே மறுவாழ்வு அளிக்க இயலும். இதற்குப் பயன்படும் லினக்ஸ்-சி.என்.சி. என்னும் மென்பொருள், அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990-களில் நடந்த ஆய்வின் வழிவந்தது. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. எனினும் எந்தக் கணிப்பொறியிலும் அது செம்மையாக இயங்கும் என்று கொள்ளலாகாது.

அலுவலகக் கணிப்பொறி ஒரு கடிதத்தை அச்சிட அரை வினாடி தாமதித்தால் எவருக்கும் நட்டமில்லை. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தானே மின்துடிப்புகளை அனுப்பும் கணிப்பொறியோ, 25 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு 40,000 முறை, தவறாது அப்பணிக்குத் திரும்ப வேண்டும். துடிப்பு பிந்தினால், விரைந்து சுழலும் மோட்டார் நின்றுவிடக்கூடும். அதை அறிவிக்கும் உணர்கருவி இல்லையெனில், வெட்டுக்கருவி உரிய இடத்தில் இருப்பதாகவே கருதிக் கணிப்பொறி கட்டளைகளைத் தொடரும். கருவியும் செதுக்கப்படும் உலோகத்துண்டும் வீணாகும்.

ஆகவே சராசரி வேகத்தைப் பார்த்துக் கணிப்பொறியைத் தேர்ந்தெடுப்பது பிழை. எப்போதேனும் ஒரு முறை அது எவ்வளவு பிந்துகிறது என்பதையே அளவிடல் வேண்டும். இத்தாமதத்தைக் கட்டுக்குள் வைப்பது லினக்ஸின் நிகழ்நேர வசதி. நீண்ட காலம் தனிச் சேர்க்கையாக இருந்த அவ்வசதி, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் லினக்ஸ் கருவோடு இணைந்தது.

நிகழ்நேரக் கருவையும் மென்பொருளையும் நிறுவிய பின், மோட்டார்களை இணைக்கும் முன்பே, அதனுடன் வரும் தாமதச் சோதனையை நடத்துதல் வேண்டும். அப்போது கணிப்பொறியைச் சும்மா விடலாகாது. பெரிய கோப்புகளைப் படியெடுத்தும், திரையில் சாளரங்களை நகர்த்தியும் அதற்குச் சுமையேற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவோர் பின்னர் வருந்த நேரிடும். மிகுதியான தாமதம் 20 மைக்ரோ செகண்டுக்குள் அடங்கினால் நன்று. 30 முதல் 50 வரையெனில் மோட்டாரின் உச்ச வேகம் குறையும். 100-ஐத் தாண்டினால் அக்கணிப்பொறி துடிப்புகளைத் தானே உண்டாக்கும் பணிக்கு ஏற்றதன்று. விலையுயர்ந்த புதுக் கணிப்பொறி இதில் தோற்பதும் பழையது தேறுவதும் உண்டு. பயாஸ் அமைப்பில் மின்சேமிப்பு வசதிகளை நிறுத்திப் பார்க்கலாம். அதுவும் பயன் தராவிடில், துடிப்புகளை உண்டாக்கும் தனி மின்னணு அட்டையைப் பொருத்தலாம். கணிப்பொறி 1 மில்லி செகண்டுக்கு ஒரு முறை கட்டளையிட்டாலே அப்போது போதும்.

அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் மென்பொருளின் பொறுப்பில் விடலாகாது. அதை அழுத்தியதும் மோட்டார்களுக்கான மின்சாரம் கம்பியிணைப்பின் வழியாகவே துண்டிக்கப்படல் வேண்டும். கணிப்பொறி செயலற்று நிற்கும் வேளையிலும் தொழிலாளிக்கு அப்பொத்தான் பயன்பட்டாக வேண்டும்.