எழுத்துச் சுருக்கமும் நாவின் இயல்பும்

கண்டி நகரில் ஓடும் அரசாங்கப் பஸ் வண்டிக்கு மூன்று பெயர்கள் உள. 1958 ஆம் ஆண்டு சனவரி 1 ஆந் திகதி பஸ் சேவை நாட்டுடைமையாயிற்று. அக்கால வழக்கைக் கைவிடாத முதியோர் இன்றும் அதனைச் 'சீ.ரீ.பீ.' என்பர். சிங்கள மக்கள் 'லங்கம' என்பர், நாம் 'இ.போ.ச.' என்போம். ஆங்கிலச் சுருக்கம் எழுத்துக்களின் பெயரைக் கூறுகின்றது. மற்றை இரண்டுமோ சொற்களின் முதலசைகளைக் கோத்து நிற்கின்றன. ஆதலின் அவை நாவிலே தாமாகவே ஒரு சொல்லாய் அமைந்துவிடுகின்றன. மலைநாட்டார் நன்கறிந்த 'இ.தொ.கா.' மூன்றே அசை. அதனையே ஆங்கிலத்திற் 'சீ.டபிள்யூ.சீ.' என்றால் ஐந்தசையாகும்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, இணையத்தின் வழியாகவும் கைத்தொலைபேசியின் வழியாகவும் நம் மாணவரிடையே பரவியுள்ள ஆங்கிலக் குறுஞ்சொற்களை நோக்குவோம். இவை கண்ணுக்கென ஆக்கப்பட்டவை; விரலின் உழைப்பைக் குறைக்கப் பிறந்தவை. வாயாற் சொல்லப் புகுந்தால் சில நீண்டுவிடும். 'பை த வே' என்னும் மூன்றசைத் தொடரைச் சுருக்கிப் 'பீ.ரீ.டபிள்யூ.' என்போர் ஐந்தசை ஒலிக்கின்றனர். உலகளாவிய வலையைக் குறிக்கும் மூன்று 'டபிள்யூ'க்களோ ஒன்பதசை! சுருக்கத்திற்கு இதனினும் பெரிய எதிரி வேறில்லை.

'உரக்கச் சிரிக்கின்றேன்' எனப் பொருள்படும் சுருக்கத்தைச் சிலர் 'எல்.ஓ.எல்.' என எழுத்தெழுத்தாகச் சொல்வர். சிலர் ஒரு சொல்லாக்குவர். அவ்வாறு ஆக்குங்கால் ஆங்கிலேயர் 'லொல்' என இதழ் குவித்துக் கூறுவர். அமெரிக்கர் பலர் வாயை அகலத் திறந்து 'லால்' என்பதற்கு அண்மையாகக் கூறுவர். இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. தமிழகத்தார் 'டாக்டர்', 'காலேஜ்' என எழுதுமிடத்து நாம் 'டொக்டர்', 'கொலிஜ்' என எழுதுகின்றோமல்லவா? நன்னூலாரைக் கேட்பின் லகரம் மொழிக்கு முதலாகாது என்பார். இலண்டனைப்போல இதனையும் 'இலொல்' என்றே எழுதவேண்டிவரும். நாய் குரைக்கும் 'லொள்' ஒலிக்கு மட்டும் அவ்விதி தடையாயிற்றில்லை.

நகைப்புக்கு அப்பால் இவ்வுயிரொலியில் வேறொன்றும் அடங்கியுள்ளது. நம் நாட்டில் 'நொட்', 'பொட்' முதலிய ஆங்கிலச் சொற்களின் ஒகரத்தை மேட்டுக்குடியாரைப்போல ஒலியாதார் பேசுவதனை 'நொட்-பொட் ஆங்கிலம்' என இகழும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் 'கடுவ', அதாவது வாள், என்றே அழைத்தனர். மொழியியலறிஞர் திரு கந்தையா 1984 இல் அப்பெயரையே தலைப்பாக்கி, ஆங்கிலம் நம் சமூகத்தில் அதிகாரத்தின் படைக்கலமாய் இயங்குதலை ஆராய்ந்து எழுதினார். தோட்டப் பாடசாலையிலிருந்து வரும் மாணவனொருவன் விடையறிந்திருந்தும் வாய் திறவாதிருப்பதற்கு, ஓர் ஒகரத்திற்காகத் தன்னை நகைப்பார்கள் என்ற அச்சமே போதுமானது. இது கற்பனையன்று, எவ்வகுப்பறையிலும் காணக்கூடியது.

ஒலியிற் கவனமே வேண்டா என்று நாம் கூறவில்லை. பொருள் மயங்குமிடத்துக் கவனம் வேண்டும். ஆங்கில அரிச்சுவடியின் இறுதி எழுத்தை அமெரிக்க முறைப்படி ஒலித்தால், நம் செவிக்கு அது மூன்றாம் எழுத்தாகிய 'சீ' போலவே கேட்கும். பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளியைப்பற்றிப் பேசுமிடத்து 'இசெட்' என்னும் பழைய ஒலிப்பே மயக்கந் தராதது. ஆனால் 'எச்' எழுத்தைச் சிலர் 'ஹெயிச்' என்பதனாற் பொருள் கெடுவதில்லை. அயர்லாந்தில் அவ்வொலிப்புப் பெருவழக்கு.

இச்சுருக்கங்கள் யாவும் இளைஞரின் புத்தாக்கம் எனக் கருதுவதும் பொருந்தாது. வியப்பைக் குறிக்கும் 'ஓ.எம்.ஜீ.' 1917 இல் பிரித்தானியக் கடற்படைத் தளபதி பிஷர் சேர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே காணப்படுகின்றது. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி அதனையும் 'எல்.ஓ.எல்.' என்பதனையும் 2011 இல் ஏற்றுக்கொண்டது.

ஆக்கியோன் சொல்லும் ஒலிப்பாவது நிலைக்குமோ எனின், அசையும் படங்களுக்குரிய கோப்பு வடிவத்தின் கதையை நோக்குக. 1987 இல் அதனை ஆக்கிய ஸ்டீவ் வில்ஹைட், 2013 இல் விருது பெற்றபொழுது 'ஜிஃப்' என்பதே சரியான ஒலிப்பு எனத் தீர்ப்புக் கூறினார். அவர் 2022 இல் காலமானார். 'கிஃப்' என்போர் இன்றும் 'கிஃப்' என்றே கூறிவருகின்றனர்.